காப்பு மறுக்கப்பட்ட உடம்பு

இந்த மேடைக்குப் பந்தல் தந்து, பந்தலுக்கு விளக்குத் தந்து, விளக்குக்குக் கீழே எனக்கு ஒரு நாற்காலியும் தந்து, நான் என்ன பேசப்போகிறேன் என்ற கவலை இல்லாமல் சாய்ந்து அமர்ந்திருக்கும் விழாக்குழுத் தலைவர், உடன்பிறவா அண்ணன், உயர்திரு முருகையன் அவர்களே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணி முடித்துப் பென்சன் வாங்கினாலும், காலையில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு மாலையில் அம்மன் வாசலுக்கு வந்துவிடும் சிறப்பு விருந்தினர், முசியே ரஃபாயேல் அவர்களே. அருமைப் பெரியோர்களே. அந்தப் பெரியோர்களைப் பெற்றுப் பெரியோர்களாக்கிய பெண்குலமே. மணிக்கட்டில் மஞ்சள் காப்பும் மனத்தில் வேண்டுதலுமாக மண்தரையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, தமக்கைகளே, தங்கைகளே. ஒலிபெருக்கியைக் கட்டிக் காக்கும் தம்பி அன்பழகா, இன்று உன் தயவு எனக்கு நிறையத் தேவைப்படும். அனைவருக்கும் இந்த அமுதவல்லியின் அன்பு வணக்கம்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் படித்தீர்களா? 'தாய்மையின் தனிப்பெருமை' என்று தங்க நிறத்தில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான். தீமிதிக்கு முதல் நாள் மாலை என்னைக் கூப்பிடுவீர்கள். தாயென்பேன், தெய்வமென்பேன், பத்து மாதம் சுமந்த பாரமென்பேன். நீங்கள் கைதட்டுவீர்கள். முன்வரிசையில் நாலு பேர் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஒரு பொன்னாடையைப் போர்த்தி, ஒரு சோடா கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுவீர்கள். இன்றைக்கு அது நடக்காது.

இன்று நான் பேச வந்தது ஓர் ஆணின் உடம்பைப் பற்றி. அந்த ஆண் யார்? என் தம்பி வெற்றிவேல். அதோ, வேப்பமரத்துக்குக் கீழே, விழாவுக்குச் சம்பந்தமில்லாதவன் மாதிரி கைகட்டி நிற்கிறானே, அவன்தான். இளந்தாரியாக இருந்த காலம் தொட்டு இந்த ஏரிமேட்டுத் தெருவில் ஒரு தீமிதியையும் தவறவிடாத வெற்றிவேல். ரெட்டியார்பாளையம் முழுக்க யார் வீட்டில் ஏ.சி. மக்கர் பண்ணினாலும் முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற வெற்றிவேல். அவன் சம்மதத்தோடும் அவன் மனைவி கமலாவின் சம்மதத்தோடும்தான் பேசுகிறேன். "பேசுக்கா, எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல" என்று அவன் சொன்ன பிறகுதான் மேடை ஏறினேன்.

நடந்தது என்ன என்பது பாதி ஊருக்குத் தெரியும். மீதி ஊருக்குத் தப்பாகத் தெரியும். முழுதாக நான் சொல்கிறேன்.

கமலாவுக்குச் சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது; போகிற போக்கில் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போனது. முதல் பிரசவத்தை எப்படியோ தாண்டினாள். இரண்டாவது பிரசவத்தில் மூச்சு வாங்கியது, முகம் நீலம் பாய்ந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தம்பி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில்தான் அவன் அம்மனிடம் வாய்விட்டு வேண்டினான். "தாயே, கமலா உசுரோட வீட்டுக்கு வந்தா இந்த வருசம் அவ பேருல பூக்குழியில எறங்குறேன்." நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கமலா உயிரோடு வீட்டுக்கு வந்தாள். அதோ, முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். "மூணாவது தங்குச்சின்னா காப்பாத்துவேன்னு என்னால வாக்கு குடுக்க முடியாது. இவங்களுக்குக் கர்ப்பத்தடை ஆபரேஷன் பண்ணணும்னா மயக்கம் குடுக்கணும், வயித்தத் தொறக்கணும். இவங்க இதயத்துக்கு அது ஆபத்து. ஆம்பளைக்குப் பண்ணா சின்ன வேலை." கமலாவின் அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆம்பளப் புள்ளைய போயி படுக்கச் சொல்றதா? ஊரு சிரிக்காது? அவளே பண்ணிக்கட்டும்மா, நடக்கறது நடக்கட்டும்." பெற்ற தாயே அப்படிச் சொன்னாள் என்றால் நம் பழக்கம் எவ்வளவு ஆழத்தில் ஊறிக் கிடக்கிறது என்று பாருங்கள். என் தம்பி மாமியாரை ஒரு பார்வை பார்த்தான். டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னான். "எனக்கே பண்ணுங்க டாக்டர். இவளுக்கு நடக்கறது நடக்க வேணாம்."

கைதட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் கொடியேற்றத்தன்று கைதட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

கொடியேற்றத்தன்று காப்புக் கட்டும் வரிசையில் என் தம்பி ஈர வேட்டியோடு நின்றான். முன்னால் நின்றவனுக்குக் கட்டியாயிற்று. இவன் கையை நீட்டினான். நம் தலைவர் மஞ்சள் கயிற்றைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டார். என்ன சொன்னார் தெரியுமா? அண்ணே, கோபிக்க வேண்டாம், உங்கள் சொல்லை ஓர் எழுத்துக் குறையாமல் சொல்கிறேன். "வெற்றிவேலு, நீ ஒதுங்குப்பா. ஆஸ்பத்திரியில போயி காயடிச்சிக்கிட்டு வந்துட்டியாமே. காயடிச்ச மாட்ட நாம கோயிலுக்கு நேந்து வுடுறதில்ல. காயடிச்ச மனுசன எப்டிப்பா நெருப்புல எறக்குறது?"

"அண்ணே, வேண்டுதல்ணே" என்றான் இவன்.

"அது ஒங்கிட்ட இருக்கட்டும். கொறை ஒடம்பு கோயிலுக்கு ஆவாது."

வரிசையில் யாரோ ஒருவன் காளை மாடு மாதிரிக் குரல் கொடுத்தானாம். ஊரே சிரித்ததாம். என் தம்பி ஒதுங்கி, ஈரம் காயும் வரை அந்த வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறான். வீட்டுக்குப் போய்ச் சொன்னானா? சொல்லவில்லை. மணிக்கட்டு வெறுமையாக இருந்ததைக் கமலாதான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவள் தொண்டையில் சோறு இறங்கவில்லை. "என்னாலதானே அண்ணி அவரு அறுத்துக்கிட்டாரு. வேண்டுதல் நெறவேறலன்னா அம்மன் என்னைத் திருப்பிக் கேக்குமா அண்ணி?" என்கிறாள். ஏற்கெனவே தளர்ந்த இதயம் அது. அதன் மேல் இந்தப் பாரத்தையும் ஏற்றி வைத்தது யார்? நாம்தான்.

என்ன சத்தம் அங்கே? யாரோ "அசிங்கம்" என்கிறார்கள். "பொம்பளைங்க இருக்கற எடம்" என்கிறார்கள். ஐயா, இந்தத் தெருக்குழாயடியில் தண்ணீருக்குச் சண்டை வந்தால் எந்த உறுப்பின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொள்கிறீர்கள்? மாட்டு வண்டிக்கு வழி விடாதவனை எந்த உறுப்பைச் சொல்லி ஏசுகிறீர்கள்? அப்போது பெண்கள் காதில் பஞ்சா வைத்திருந்தார்கள்? வசையாகச் சொன்னால் வாய் மணக்கிறது, பாடமாகச் சொன்னால் நாறுகிறதா? நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். தவளை முதல் மனிதன் வரை உடம்பைப் பிரித்துப் பெயர் சொல்லிப் பிழைப்பவள். இந்த மேடையிலும் பெயர் சொல்லித்தான் பேசுவேன். கேட்கப் பிடிக்காதவர்கள் பொரிகடலைக் கடைப் பக்கம் போய் வரலாம், வழி விசாலமாக இருக்கிறது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், எழுந்திருக்க மாட்டீர்கள்.

அண்ணன் முருகையன் கெட்டவர் அல்லர். கலப்பை பிடித்த கை அவருடையது. மாடு கட்டி உழுத குடும்பம். காளைக் கன்றைக் கீழே தள்ளி, காலைக் கட்டி, கிட்டி என்று நாம் சொல்லும் இரட்டைக் கட்டையை வைத்து நசுக்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அதனால்தான் ஆஸ்பத்திரியில் நடந்ததும் அதுவே என்று நினைத்துவிட்டார். தொழுவத்தில் பார்த்ததை மனிதன் மேல் பொருத்திப் பார்த்தார். அந்தப் பொருத்தம் எங்கே பிசகுகிறது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

ஆணுடலில் விந்தகங்கள் இரண்டு. மனிதனில் விரை என்கிறோம், மாட்டில் காய் என்கிறோம். இதயத்தை எலும்புக் கூட்டுக்குள் வைத்துக் காத்த இயற்கை, மூளையை மண்டையோட்டுக்குள் வைத்துக் காத்த இயற்கை, இவற்றை மட்டும் வெளியே ஒரு தோல்பையில் தொங்கவிட்டது ஏன்? விந்தணு வளர உடம்பைவிடக் கொஞ்சம் குறைந்த சூடு வேண்டும். உள்ளே இருக்கும் சூடு அதற்கு ஆகாது. இதை என் தம்பிக்கு விளக்கியபோது ஏ.சி. மெக்கானிக் உடனே புரிந்துகொண்டான். "அவுட்டோர் யூனிட்டா அக்கா?" என்றான். சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

இந்த விந்தகத்துக்கு வேலை இரண்டு. விந்தணுவை உண்டாக்குவது ஒன்று. ஆண்மைச் சுரப்பைச் சுரப்பது இன்னொன்று. டெஸ்டோஸ்டீரோன் என்று அதற்குப் பெயர். குரலைத் தடிக்க வைப்பது அது. மீசையை முளைக்க வைப்பது அது. தோளைத் திரட்டுவது அது, தசையை முறுக்குவது அது, ஆசையை மூட்டுவதும் அதுதான். இப்போது நன்றாகக் கேளுங்கள். இந்த இரண்டும் ஒரே வழியில் போவதில்லை. சுரப்பு நேராக இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. விந்தணுவின் வழி வேறு. அது எபிடிடைமிஸ் என்னும் சுருள் குழலில் தங்கி முதிர்கிறது. அங்கிருந்து விந்து நாளம் என்னும் மெல்லிய குழாய் ஏறி, சிறுநீர்ப்பையின் பின்பக்கம் சுற்றிப் போகிறது. அங்கே விந்துப்பையின் நீரும் புரோஸ்டேட் சுரப்பியின் நீரும் அதோடு சேர்கின்றன. அதன் பிறகுதான் வெளியேறுகிறது. வெளியேறும் நீரில் பெரும்பங்கு அந்தச் சுரப்பிகளுடையது. விந்தணுவின் பங்கு சொற்பம்.

கிட்டி எதை நசுக்குகிறது? நாளத்தையும் நசுக்குகிறது, கூடவே ஓடும் இரத்தக்குழாயையும் நசுக்குகிறது. இரத்தம் போகாத காய் வாடும், வற்றும், வீணாகும். சுரப்பு நிற்கும். திமில் தளரும். முறைப்பு மறையும். முட்ட வந்த காளை, மூக்கணாங்கயிற்றுக்குத் தலை கொடுக்கும். அதுதான் காயடிப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எதைத் தொட்டார்? விந்தகத்தைத் தொட்டாரா? இல்லை. இரத்தக்குழாயைத் தொட்டாரா? இல்லை. நரம்பைத் தொட்டாரா? இல்லை. மரத்துப்போக ஓர் ஊசி போட்டு, தோலில் ஒரு சிறு துளையிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் அந்த நாளத்தை மட்டும் வெளியே எடுத்து, வெட்டி, முனைகளை அடைத்து உள்ளே விட்டார். விந்தணு இன்றும் உண்டாகிறது. வழி இல்லாததால் உள்ளேயே கரைகிறது, உடம்பே அதை உறிஞ்சிக்கொள்கிறது. வெற்றிவேலின் விந்தகம் அப்படியே இருக்கிறது. சுரப்பு அப்படியே இருக்கிறது. குரல் அப்படியே, தோள் அப்படியே, மீசை அப்படியே. கோபம்கூட அப்படியே இருக்கிறதா இல்லையா என்று கமலாவைக் கேளுங்கள். தலையை ஆட்டுகிறாள் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது என் வாசலில் வந்து நிற்பீர்கள். இதன் பலன் மறுநாளே வராது. முன்பே கிளம்பிய விந்தணு பாதையில் இருக்கும். மூன்று மாதம் போலப் பொறுத்து, பரிசோதித்து, அணு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நம்ப வேண்டும். அதுவரை வேறு பாதுகாப்பு வேண்டும்.

தம்பி அன்பழகா, அண்ணன் உன்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். மைக்கை அணைக்கச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதே. அவருக்கு வியர்க்கிறது, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பு. நன்றி. முசியே ரஃபாயேல் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்துகிறார். மெர்சி முசியே.

ஆகா, துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மேடை என்றால் துண்டுச் சீட்டு வராமல் இருக்குமா? படிக்கிறேன். 'அம்மா, தலைப்பில் பேசவும்.' அண்ணன் கையெழுத்து அழகாக இருக்கிறது. சரி, தலைப்புக்கே வருகிறேன். தலைப்பு தாய்மை. தாய்மை எங்கே தொடங்குகிறது? கருப்பையில் என்பீர்கள். இல்லை.

பெண்ணுடலில் அண்டகங்கள் இரண்டு, கருப்பையின் இரு பக்கமும். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய முட்டைகளுக்கான வித்துகள் அங்கே அடங்கிக் கிடக்கின்றன. பருவம் வந்த பின், மாதத்துக்கு ஒன்று பக்குவப்பட்டு வெளியே வருகிறது. அதை வாங்கிக்கொள்ள ஒரு குழாய் காத்திருக்கிறது. கருக்குழாய். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதன் முனை விரல் விரலாகப் பிரிந்திருக்கும், வருகிற முட்டையை ஏந்திக்கொள்ளும். விந்தணு கருப்பை வாய் நுழைந்து, கருப்பை கடந்து, அந்தக் குழாய்க்குள் போய்த்தான் முட்டையைச் சந்திக்கிறது. உயிர் உருவாகும் இடம் அந்தக் குழாய். உருவான கரு சில நாள் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து கருப்பைச் சுவரில் பதிகிறது. முட்டைக்கு விந்தணு வராவிட்டால், கருவுக்கென மெத்தையாகத் தடித்திருந்த உட்சுவர் உதிர்ந்து வெளியேறுகிறது. அதைத்தான் நாம் தீட்டு என்று சொல்லி மூலையில் உட்கார வைக்கிறோம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன், இன்று என் கை நிறைய வேலை இருக்கிறது.

என் தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். இரண்டாவது பிரசவம் முடிந்ததும் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தார்களே, அன்று எதை வெட்டினார்கள்? பலருக்கு இன்றுவரை தெரியாது. ஒருவர் கருப்பை என்று நினைத்திருப்பீர்கள், இன்னொருவர் நரம்பு என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் உடம்பைத் திறந்தவர்களுக்கு உங்களிடம் சொல்ல நேரமில்லை. உங்களைக் கூட்டிப்போனவர்களுக்குக் கேட்க வாயில்லை. நான் சொல்கிறேன். வெட்டியது கருப்பையை அல்ல. அண்டகத்தை அல்ல. இப்போது சொன்னேனே, அந்தக் கருக்குழாயை. முட்டையும் விந்தணுவும் சந்திக்கும் வழியை அடைத்தார்கள். உங்கள் சுரப்புகள் அப்படியே இருந்தன, உங்கள் பெண்மை அப்படியே இருந்தது, உங்கள் வலிமையும் அப்படியே இருந்தது. மறுவாரமே தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்ன வீடுகள் இந்தத் தெருவில் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒரு சோடிக் குழாய், இங்கேயும் ஒரு சோடிக் குழாய். அங்கே முட்டைக்கு வழி அடைப்பு, இங்கே விந்தணுவுக்கு வழி அடைப்பு. அங்கே வயிற்றைத் திறக்க வேண்டும், மயக்கம் கொடுக்க வேண்டும், படுத்துக் கிடக்க வேண்டும். இங்கே தோலில் துளை போட்டு, தையல்கூடத் தேவைப்படாமல், அன்றே வீட்டுக்கு நடந்து வரலாம். எது பெரிய வெட்டு? எது பெரிய வலி? அந்தப் பெரிய வெட்டைக் காலங்காலமாகப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டு, சின்னத் துளைக்கு ஊரே ஏன் இப்படி நடுங்குகிறது? ஆயிரம் பெண்களுக்கு வயிற்றைக் கிழித்தபோது அது குடும்பக் கட்டுப்பாடு. ஓர் ஆண் சிறு துளைக்குச் சம்மதித்தால் அது காயடிப்பா?

அண்ணே, தலைவரே, உங்களிடம்தான் கேட்கிறேன். குறை உடம்பு கோயிலுக்கு ஆகாது என்றீர்களே. வழி அடைத்த உடம்பு குறை உடம்பு என்றால், நாளைக்கு யாரை நெருப்பில் இறக்கப்போகிறீர்கள்? உங்கள் கையால் காப்புக் கட்டி அனுப்பிய பெண்களில் எத்தனை பேர் அந்த ஆபரேஷன் மேசையில் படுத்து எழுந்தவர்கள் என்று கேட்டீர்களா? பால்குடம் எடுக்கிறவர்களைக் கேட்டீர்களா? கரகம் சுமக்கிறவர்களைக் கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. ஏனென்றால் பெண்ணுடம்பை வெட்டலாம், தைக்கலாம், திறக்கலாம், மூடலாம், அது இந்த ஊரில் ஒரு செய்தியே இல்லை.

"காப்புக் கட்டுற நாளு போயிடுச்சும்மா, இப்ப பேசி இன்னா ஆவப்போவுது" என்று ஒரு பெரியவர் சொல்வது காதில் விழுகிறது. பெரியவரே, முசியே ரஃபாயேலின் அண்ணன் மகன் யோஹான் பிரெஞ்சு நாட்டுத் துலூஸிலிருந்து முந்தாநாள்தான் வந்து இறங்கினார். விழாக்குழுவினர் விமானம் தாமதம் என்றார்கள், அம்மன் மன்னிப்பாள் என்றார்கள், நேற்று மாலை காப்புக் கட்டினார்கள். நல்ல பிள்ளை, அவருக்குக் கட்டியதில் எனக்கு மகிழ்ச்சியே. கடல் கடந்து வந்தவருக்கு நேற்றுத் திறந்த வாசல், வேப்பமரத்தடியில் நிற்கிறவனுக்கு இன்று திறக்காதா? பார்த்தீர்களா, முசியேவே தலையசைக்கிறார்.

நான் கெஞ்ச வரவில்லை. என் தம்பிக்குப் பரிதாபப்பட்டுப் பிச்சை போடுங்கள் என்று கேட்க வரவில்லை. அவன் உடம்பில் எந்தக் குறையும் இல்லை. குறை இருப்பது நம் அறிவில், நம் வாயில், ஒருவன் மனைவியைக் காப்பாற்றியதைக் கண்டு மாடு மாதிரிக் குரல் கொடுத்த அந்தத் தொண்டையில்.

என் தாய்மார்களே, சகோதரிகளே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் செய்யுங்கள். கையில் காப்புக் கட்டியிருப்பவர்களில், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எழுந்து நில்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே முதலில் சொல்கிறேன், எனக்கும் ஆயிற்று. இதோ என் காப்பு. நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

ஒருவர். அங்கே ஒருவர். இந்தப் பக்கம் மூன்று பேர். அம்மா, குழந்தையைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிட்டு மெதுவாக எழுந்திருங்கள். பூக்காரம்மா, நீங்களுமா? எழுந்திருங்கள். பின்வரிசை முழுக்க எழுந்திருக்கிறது. அன்பழகா, அந்த விளக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு, ஊர் பார்க்கட்டும். தலைவரே, தலையைக் குனிய வேண்டாம், நிமிர்ந்து பாருங்கள். நாளைக்கு நெருப்பில் இறங்கும் உங்கள் ஊர்வலத்தில் பாதிக்கு மேல் இதோ நிற்கிறது.

யார் அது, முன்வரிசையில், கையை ஊன்றி எழுகிறவர்? செல்வாம்பாள் அண்ணி. தலைவரின் துணைவியார். அண்ணி ஏதோ சொல்கிறார், மைக் இல்லாததால் உங்களுக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எனக்கும் பண்ணதுதான். கொறை ஒடம்புன்னா மொதல்ல எங்காப்ப அவுக்கச் சொல்லு. அப்புறம் அந்தப் புள்ளைய ஒதுக்கட்டும்." அண்ணி, நான் இவ்வளவு நேரம் மூச்சுப் பிடித்துப் பேசியதை நீங்கள் ஒரு மூச்சில் முடித்துவிட்டீர்கள்.

கமலா, நீ ஏன் எழப் பார்க்கிறாய்? உட்கார். இந்தப் பெண்களெல்லாம் தங்கள் உடம்பைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். நீ கொடுக்கவில்லை. உன்னைக் கொடுக்க விடவில்லை ஒருவன். இந்த ஊரில் இப்படி உட்கார்ந்திருக்கும் உரிமை உனக்கு மட்டும்தான் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்காதே. அம்மன் உன்னிடம் எதையும் திருப்பிக் கேட்க மாட்டாள். நிம்மதியாக உட்கார், இன்றைக்கு வயிறாரச் சாப்பிடு.

வெற்றிவேல், நீ அந்த மரத்தடியை விட்டு வா. மேடைக்கு வேண்டாம். ஆண்கள் பக்கமும் வேண்டாம். இந்தப் பெண்களோடு வந்து நில். உன் இடம் இங்கேதான். வழி விடுங்கள் தாய்மார்களே, அவன் உங்களில் ஒருவன்.

நின்றுவிட்டான். இனி நான் பேச ஒன்றுமில்லை. மஞ்சள் கயிறு உங்கள் பக்கத்துத் தட்டில் இருக்கிறது, தலைவர் அவர்களே. கட்டுவதானால் அவனுக்கும் கட்டுங்கள். இல்லை என்றால் இத்தனை பேர் மணிக்கட்டிலும் கட்டியதை நீங்களே உங்கள் கையால் அவிழ்த்துவிட்டு, நாளைக்கு நெருப்பில் நீங்கள் மட்டும் இறங்குங்கள். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட ஆண்களுக்கும், அணைக்காமல் மைக்கைக் காத்த அன்பழகனுக்கும், தண்ணீர் தந்த முசியேவுக்கும், பதில் சொல்ல வேண்டிய அண்ணன் முருகையனுக்கும் என் நன்றி. அவர் பதில் சொல்லும் வரை உட்காரப்போவதில்லை என்று நிற்கும் என் பெண்களுக்கும், அவர்கள் நடுவே நிற்கும் என் தம்பிக்கும் என் வணக்கம்.